தலையசைவும் சாட்சியே: மரண வாக்குமூலம் பிறந்த கதை

தேயிலைத் தோட்டத்து லயத்தில் எதுவும் ஒருவருக்குள் அடங்கி நடப்பதில்லை. தொங்கல் காம்பராவில் எழும் சத்தம் அடுத்த தொங்கல் வரைக்கும் கேட்கும். வெட்டுப்பட்டோ தீக்காயம் பட்டோ ஒருவர் இஸ்தோப்பில் விழுந்தால், முதலில் ஓடிவருவது பக்கத்துக் காம்பராக்காரர்கள்தான். டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோக வாகனம் கிடைப்பதற்கு முன்பே, பொலிஸ் வருவதற்கு வெகுமுன்பே, "யாரு செஞ்சது?" என்ற கேள்வியை அவர்கள் கேட்டுவிடுவார்கள். விழுந்தவர் ஒரு பெயரைச் சொல்வார். அவர் இறந்தபின் அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு?

சாதாரணமாக எந்த மதிப்பும் இல்லை. ஒருவர் தன் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும்தான் நீதிமன்றம் ஏற்கும். "இன்னார் வெட்டியதாக அவர் என்னிடம் சொன்னார்" என்பது செவிவழிச் செய்தி. சொன்னவரே கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் அது சாட்சியம். ஆனால் கொலை வழக்கில் நடந்ததை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் கொல்லப்பட்டவர்தான், அவரால் கூண்டில் ஏற முடியாது. இந்த முட்டுக்கட்டையை நீக்கும் விலக்கு, இலங்கையின் 1895ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 32(1)ஆம் பிரிவில் இருக்கிறது. இறந்துபோனவர் தன் மரணத்தின் காரணத்தைப் பற்றி, அல்லது அந்த மரணத்தில் முடிந்த நிகழ்வின் சூழலைப் பற்றிச் சொன்னது சாட்சியமாகும் என்கிறது அந்தப் பிரிவு. மரண வாக்குமூலம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

மலையகத்துக்கு இது வந்து சேர்ந்த பாதை நீளமானது. லண்டனில் பிறந்து, கல்கத்தாவில் உருமாறி, கொழும்பில் இறங்கி, அங்கிருந்து மலை ஏறியது. அந்தப் பாதை நெடுக நிற்பவர்கள், உயிரோடு இருந்தபோது யாரும் செவிகொடுக்காத மனிதர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1789ஆம் ஆண்டில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் சில்வெஸ்டர் வுட்காக் என்பவன் விசாரிக்கப்பட்டான். தன் மனைவியை அடித்துக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. படுகாயத்தோடு ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்ட அந்தப் பெண்ணிடம் ஒரு நீதவான் வாக்குமூலம் எடுத்தார். ஏறக்குறைய இரண்டு நாட்களில் அவள் இறந்தாள். வாக்குமூலம் எடுத்தபோது கணவன் எதிரில் இல்லாததால், முறையான சாட்சியமாக அதைக் கொள்ள முடியவில்லை. அப்போது தலைமை நீதிபதி ஐர் ஒரு விளக்கம் தந்தார். மரணத்தின் விளிம்பில் நிற்பவருக்கு இவ்வுலகில் அடைய வேண்டியது எதுவும் இல்லை, பொய் சொல்லத் தூண்டும் காரணங்கள் எல்லாம் அடங்கிவிடுகின்றன, அந்த நிலையே நீதிமன்றத்தில் எடுக்கும் சத்தியத்துக்குச் சமமான கட்டாயத்தை மனத்தின்மேல் சுமத்துகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். வுட்காக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அதற்கு முன்பும் இங்கிலாந்து நீதிமன்றங்கள் இத்தகைய சொற்களை ஏற்றதுண்டு. ஆனால் ஏன் ஏற்க வேண்டும் என்பதற்குப் பின்வந்தவர்கள் மேற்கோளாகக் கொண்டது இந்த வழக்கைத்தான்.

"சாகுற நேரத்துல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க" என்று நம் லயங்களில் சொல்வதும் ஐர் சொன்னதும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஆனால் நீதிபதிகள் தங்கள் நம்பிக்கையை விதியாக்கியபோது அது மிக ஒடுங்கிய வாசலாயிற்று. சொல்பவர் தனக்கு மரணம் நிச்சயம் என்று முழுமையாக நம்பியிருக்க வேண்டும், பிழைப்போம் என்ற எண்ணம் துளியும் இருக்கக் கூடாது. 1829இல் பைக் என்பவன்மேல் நடந்த வழக்கில் நான்கு வயதுக் குழந்தையின் கடைசிச் சொற்கள் தள்ளப்பட்டன. மறுமையைப் பற்றி அந்த வயதில் ஒரு குழந்தைக்கு என்ன தெரியும் என்று நீதிமன்றம் கேட்டது. 1869இல் ஜென்கின்ஸ் வழக்கில், "நான் பிழைப்பேன் என்ற நம்பிக்கை இல்லை" என்று எழுத்தர் எழுதியதைக் கேட்ட பெண், "இப்போதைக்கு நம்பிக்கை இல்லை" என்று திருத்தச் சொன்னாள். அந்தத் திருத்தத்தில் பிழைக்கும் ஆசையின் சாயல் தெரிகிறது என்று கூறி அவளுடைய வாக்குமூலம் முழுவதையும் நீதிமன்றம் விலக்கியது. தண்டனையும் ரத்தாயிற்று. கொல்லப்பட்ட ஒரு பெண் உயிர்வாழ ஆசைப்பட்டாள் என்பதே அவள் சொல்லைத் தள்ளப் போதுமான காரணமாகிவிட்டது.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, கல்கத்தாவில் இருந்த பிரித்தானிய இந்திய அரசு 1872ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமாக இந்தியச் சாட்சியச் சட்டத்தை இயற்றியது. வரைந்தவர் அரசப் பிரதிநிதியின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். 32ஆம் பிரிவின் முதல் உட்பிரிவை எழுதும்போது அவர் ஆங்கில விதியின் இரண்டு வேலிகளைப் பிடுங்கினார். சொன்னவர் சாவை எதிர்பார்த்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல. வழக்கு கொலை வழக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, மரணத்தின் காரணம் கேள்விக்கு வரும் எந்த வழக்கிலும் அது செல்லும்.

சாவின் அச்சத்தையும் மறுமை நம்பிக்கையையும் அடித்தளமாகக் கொண்ட விதியிலிருந்து அந்த அடித்தளத்தையே எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? தேவை மட்டுமே. கொல்லப்பட்டவரைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. அவர் சொல்லைக் காதில் வாங்காமல் ஒரு கொலையை விசாரிக்கக் கூடாது. என் பார்வையில் ஸ்டீஃபன் செய்த மாற்றத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

தான் எழுதிய விதியின் ஆபத்தும் ஸ்டீஃபனுக்குத் தெரிந்திருந்தது. 1883இல் வெளியான இங்கிலாந்தின் குற்றவியல் சட்ட வரலாறு என்ற தம் நூலில் அவர் இரண்டு செய்திகளைப் பதிவு செய்கிறார். பஞ்சாபில் வெட்டுப்பட்டுச் சாகிறவர்கள் தங்கள் பரம்பரைப் பகையாளிகள் அத்தனை பேரையும் சம்பவ இடத்தில் நின்றதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதாக ஒன்று. மதராஸ்காரர் ஒருவர் கூறிய கருத்து மற்றொன்று. இத்தகைய சாட்சியத்தை ஏற்கவே கூடாது, சாகப்போகிறவனுக்கு உண்மை சொல்ல என்ன அவசியம் இருக்கிறது என்று அவர் கேட்டாராம். பெயர் தெரியாத அந்த மதராஸ்காரரின் கேள்வி, லண்டன் நீதிபதியின் நம்பிக்கையை அப்படியே தலைகீழாகத் திருப்புகிறது. பின்வந்த நூற்றாண்டு முழுவதும் நீதிமன்றங்கள் இந்த இருவருக்கும் நடுவில்தான் வழி தேடின.

இலங்கை 1895இல் ஸ்டீஃபனின் சட்டத்தைப் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டது. பிரிவின் எண்ணும் அதே 32. அப்போது மலைநாட்டில் இலைநோயால் கோப்பி அழிந்து, தேயிலை மலைகளை மூடியிருந்தது. ரயில் பாதை பத்து ஆண்டுகளுக்கு முன்பே நானுஓயாவை எட்டியிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த லட்சக்கணக்கான தமிழர்கள் லயங்களில் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான முதல் சட்டமும் இந்தியச் சாட்சியச் சட்டம் பிறந்த 1872இல்தான் இலங்கையில் வந்தது. அதன் வழியே தோட்டங்களுக்கு டிஸ்பென்சரிகளும் மாவட்ட வைத்தியசாலைகளும் வந்தன. ஒரு தொழிலாளி தன் கடைசி மணி நேரத்தைக் கழிக்கக்கூடிய இடமும், அவர் அப்போது சொல்வதைச் சாட்சியமாக்கும் சட்டமும் ஒரே கால் நூற்றாண்டுக்குள் மலைக்கு வந்து சேர்ந்தன என்று சொல்லலாம்.

மலையகத்தைப் பொறுத்தவரை இந்தப் பிரிவில் முக்கியமானது அதில் எழுதப்படாத ஒரு நிபந்தனை. யாரிடம் சொல்ல வேண்டும் என்று அது எங்கும் கேட்கவில்லை. நீதவானிடம் சொல்லலாம், வைத்தியரிடமோ பொலிஸிடமோ சொல்லலாம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த பக்கத்துக் காம்பரா அக்காவிடமும் சொல்லலாம். பொலிஸ் விசாரணையில் தரும் வாக்குமூலங்களைப் பொதுவாக வழக்கில் நேரடிச் சாட்சியமாக வைக்க முடியாது. ஆனால் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 110ஆம் பிரிவில் அந்தத் தடையை விதிக்கும்போது, 32(1)இன் கீழ் வரும் சொற்களுக்கு அது பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எழுத்தில் இருந்தால் வழக்குக்குப் பலம் கூடும், எழுதாமல் வாயால் சொன்னதும் செல்லும். காயப்பட்டவர் பிழைத்துக்கொண்டால் இந்தப் பிரிவுக்கு வேலை இல்லை, அவரே வந்து சாட்சி சொல்வார்.

பேச முடியாதவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்கான முதல் பெரிய பதில் அலகாபாத்திலிருந்து வந்தது. துலாரி என்ற இளம் பெண்ணின் தொண்டை அறுக்கப்பட்டது. அவள் பாலியல் தொழில் செய்தவள், சமூகம் ஒதுக்கிவைத்தவள். குரல் போய்விட்டது, நினைவு இருந்தது. ஒவ்வொரு பெயராகச் சொல்லி இவனா இவனா என்று கேட்டபோது அவள் கையசைவால் பதில் சொன்னாள். அவள் இறந்த பின் 1885இல் அப்துல்லா வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, கேட்ட கேள்வியையும் அவள் காட்டிய சைகையையும் சேர்த்துப் பார்த்தால் அது வாய்மொழிக் கூற்றே என்று தீர்ப்பளித்தது. நீதிபதி மஹ்மூத் மட்டும் மாறுபட்டார்.

அதே கேள்வி ஐம்பது ஆண்டுகள் கழித்து இலங்கையிலிருந்து லண்டனில் இருந்த கோமறைக் கழகம் என்ற உச்ச மேன்முறையீட்டு மன்றம் வரை போனது. அலிசாந்திரி என்ற மறுபெயர் கொண்ட சந்திரசேகர என்பவன்மேல், ஒரு பெண்ணின் கழுத்தை வெட்டிக் கொன்ற குற்றம் சுமத்தப்பட்டிருந்தது. காயம் அவளைப் பேசவிடவில்லை. ஆனால் சுற்றி நடப்பது அவளுக்குப் புரிந்தது, சைகை காட்டவும் இலேசாகத் தலையசைக்கவும் முடிந்தது. அலிசாந்திரியா என்று நேராகக் கேட்டபோது அவள் தலையசைத்தாள். 1937ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற அந்தத் தீர்ப்பு அந்தத் தலையசைவை 32ஆம் பிரிவின் கீழ் சாட்சியமாக ஏற்றது. அன்றைக்கு இதே பிரிவைச் சட்டமாகக் கொண்டிருந்த நாடுகளிலெல்லாம் ஓர் இலங்கைப் பெண்ணின் தலையசைவு முன்னுதாரணமாகிவிட்டது.

அந்த வழக்குகள் ஓர் எச்சரிக்கையும் தந்தன. சாட்சி சொல்ல வருபவர் தான் என்ன கேட்டார், அவள் எப்படி அசைந்தாள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அதன் பொருள் என்ன என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. "அவன்தான் என்று அவள் சொன்னாள்" என்று சுருக்கிச் சொன்னால், அது கேட்டவரின் ஊகமாகிவிடும்.

அடுத்த படி ஒரு ரயில் பெட்டியில் தொடங்கியது. 1937 மார்ச் 23ஆம் திகதி பூரி ரயில் நிலையத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றில் இரும்பு டிரங்குப் பெட்டி கிடந்தது. அதற்குள் ஒரு மனிதனின் உடல் துண்டு துண்டாக. பித்தாபுரத்தில் திவானிடம் பியூனாக வேலை பார்த்த குர்ரி நூகராஜு அவர். திவானின் மகள் ஒருத்தி அவரிடம் வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தாள். அந்தப் பணத்தை வாங்க பெர்ஹாம்பூருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, போய்வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் ரயில் ஏறினார். அப்போது அவர் உடலில் ஒரு கீறலும் இல்லை. ஆங்கில விதிப்படி இது மரண வாக்குமூலமே அல்ல. 1939இல் பாகால நாராயணசாமி வழக்கில் கோமறைக் கழகத்தின் சார்பில் தீர்ப்பளித்த அட்கின் பிரபு, தாக்குதல் தொடங்கும் முன்பே சொன்னதானாலும் மரணத்தில் முடிந்த நிகழ்வோடு நெருக்கமாகப் பிணைந்த சூழலைச் சொல்வதானால் அது சாட்சியமே என்றார். அதற்கு எல்லையும் போட்டார். இன்னார்மேல் பயமாக இருக்கிறது, சந்தேகமாக இருக்கிறது என்ற பொதுவான பேச்சு போதாது. எங்கே போகிறேன், யார் கூப்பிட்டார்கள், எதற்குப் போகிறேன் என்பவை போன்ற நேரடியான சூழல் வேண்டும்.

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகும் ஒரு வரிக்கும் இந்தத் தீர்ப்பு வழி திறக்கிறது. இலங்கை நீதிமன்றங்களும் 32(1)ஐப் படிக்கும்போது இதைத்தான் பின்பற்றுகின்றன.

அந்த மதராஸ்காரரின் கேள்விக்கு வருவோம். சாகிறவர் பொய் சொல்லலாம். வலியிலும் இருட்டிலும் ஆளைத் தவறாக அடையாளம் காணலாம். பக்கத்தில் நிற்பவர் ஊட்டிவிட்ட பெயரைத் திருப்பிச் சொல்லலாம். அப்படியானால் வேறு ஆதாரம் இல்லாமல் இதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்கலாமா? 1940இல் குருசாமித் தேவர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, துணைச் சாட்சியம் இருந்தே ஆகவேண்டும் என்று சட்ட விதி எதுவும் இல்லை என்றது. 1957இல் நாக்பூரைச் சேர்ந்த குஷால் ராவ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. நம்பத்தக்கதா என்று கவனமாகச் சோதித்துப் பார்த்து மனம் நிறைந்தால் அது மட்டுமே போதும். 2002இல் லக்ஷ்மண் வழக்கில், காயப்பட்டவர் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்று வைத்தியர் சான்றிதழ் தராததாலேயே வாக்குமூலத்தைத் தள்ளக் கூடாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது.

இலங்கை எச்சரிக்கையின் பக்கம் சற்று அதிகமாகச் சாய்ந்தது. 1950இல் ஆசீர்வாதன் நாடார் வழக்கில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சாட்சியத்தின் அபாயத்தை ஜூரிகளுக்கு நீதிபதி எடுத்துச் சொல்லியே ஆகவேண்டும் என்றது. சொன்னவர் சத்தியம் செய்யவில்லை, கூண்டில் நிற்கவில்லை, அவரைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கும் வாய்ப்பில்லை. 1964இல் ஜஸ்டினபால வழக்கில் இதே எச்சரிக்கை மீண்டும் வலியுறுத்தப்பட்டது. பெரும்பாலான வழக்குகளை மேல் நீதிமன்ற நீதிபதி ஜூரி இல்லாமலே விசாரிக்கும் இந்தக் காலத்தில், அந்த எச்சரிக்கையை அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். இறந்தவர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா, அந்தக் காயத்தோடு அவரால் பேச முடிந்திருக்குமா, தாக்கியவரை அடையாளம் காணும் வாய்ப்பு இருந்ததா, கேட்டதாகச் சொல்லும் சாட்சி நம்பத்தக்கவரா என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கேள்விகளை வகுத்துத் தந்திருக்கிறது.

பிறந்த மண்ணில் இன்று அந்தப் பழைய விதி இல்லை. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் அதை நீக்கி, இறந்தவர்களின் கூற்றுகளைப் பொதுவான விதிகளுக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் 2024 ஜூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அது 26ஆம் பிரிவாக இடம் மாறியது. இலங்கையில் 1895இன் 32(1) இன்னும் அதே எண்ணோடு நிற்கிறது.

இந்தக் கதையிலிருந்து மலையகத்துக்கு நான் எடுத்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்த விதியின் பலம் சாகிறவரின் வாயில் மட்டும் இல்லை, கேட்கிறவரின் காதிலும் இருக்கிறது. நீதிமன்றம் வகுத்த கேள்விகளைத் திரும்பப் பாருங்கள். அவற்றில் முதலாவதும் கடைசியும் கேட்டவரை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பற்றியவை. ஆகவே காயப்பட்டவரிடம் பெயரை நாமே எடுத்துக்கொடுக்கக் கூடாது. "என்ன நடந்தது, யாரு?" என்று திறந்த கேள்வியாகக் கேட்க வேண்டும். அவர் சொன்னதை நாம் அழகுபடுத்தாமல், அவர் பேசிய சொற்களிலேயே நினைவில் வைக்க வேண்டும். தலையசைவுதான் பதில் என்றால் கேட்ட கேள்வியையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். பிறகு பொலிஸிடம் காலம் தாழ்த்தாமல் சொல்ல வேண்டும். நாட்கள் கடந்து சொல்லும் சாட்சி, எவ்வளவு உண்மையானாலும், முதல் குறுக்குக் கேள்வியிலேயே ஆட்டம் காணும்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. வெள்ளைக்காரர் காலத்து நீதிமன்றத்தில் தோட்டத் தொழிலாளி தமிழில் சொன்னதை முதலியார் மொழிபெயர்க்க, அது ஆங்கிலத்தில் பதிவானது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பு சொல்லிய பிறகும், தமிழில் வாக்குமூலம் எழுதும் ஆள் இல்லாத குறை மலையகப் பொலிஸ் நிலையங்களை விட்டு முழுதாகப் போகவில்லை. வேறு ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் மொழிபெயர்ப்புப் பிழை நேர்ந்தால், அவர் நீதிமன்றத்துக்கு வந்து, நான் அப்படிச் சொல்லவில்லை என்று திருத்தலாம். இறந்தவரால் திருத்த முடியாது. ஜென்கின்ஸ் வழக்கின் பெண், எழுத்தர் எழுதியதைத் தனக்குப் புரிந்த மொழியில் கேட்டதால்தான் திருத்தச் சொன்னாள். அந்த வாய்ப்பு நுவரெலியா வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் ஒரு கொழுந்துப் பறிக்கும் பெண்ணுக்கும் இருக்க வேண்டும். மரண வாக்குமூலம் தமிழில் சொல்லப்பட்டால் தமிழிலேயே எழுதப்பட வேண்டும், எழுதியதை அவருக்கே படித்துக்காட்ட வேண்டும். தோட்டங்களில் வேலை செய்யும் நலன்புரி உத்தியோகத்தர்களுக்கும் மருத்துவ மாதுகளுக்கும் இந்தச் சட்டத்தைச் சில மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். வீட்டுக்குள்ளேயே தாக்கப்படும் பெண்கள் நம்பி அணுகக்கூடியவர்கள் அவர்கள்.

ஏழைகள் விடுதியில் செத்த மனைவி, தொண்டை அறுபட்ட துலாரி, அலிசாந்திரியின் பெயருக்குத் தலையசைத்த பெண், ரயில் ஏறும் முன் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போன பியூன்: இந்தச் சட்டத்தைக் கட்டியவர்கள் இவர்கள். அவர்களின் சொல் நிலைத்தது, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவர் கவனமாகக் கேட்டு, கேட்டதை மாற்றாமல் சொன்னதால். லயத்தில் அந்த ஒருவராக நாளை யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே இந்தப் பிரிவைச் சட்டத்தரணிகள் மட்டும் அறிந்திருந்தால் போதாது, லயத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.